கல்லாப்பெட்டிக் கணக்கு – 9: யூனிட்டுக்குள் ஒளிந்திருக்கும் புரோக்கர்

லண்டனில் கடை வைத்திருக்கும் நம்மவரிடம், "கரண்ட் கொன்ராக்ட் ஆர் போட்டுத் தந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். "ஒரு பெடியன் போனில கதைச்சவன், நல்ல பெடியன்" என்பார். பெடியனின் பெயர் நினைவில் இராது. எத்தனை வருட ஒப்பந்தம் என்பதும் சந்தேகம்தான். "ஆனா காசு ஒண்டும் கேக்கேல்லை, ஃப்ரீயாத்தான் செய்து தந்தவன்" என்பதை மட்டும் அடித்துச் சொல்வார்.

அந்த ஃப்ரீயைத்தான் இந்த வாரம் பிரித்துப் பார்க்கப் போகிறோம்.

பிரிட்டனில் வீட்டு மின்சாரத்துக்கு 2019 ஜனவரியிலிருந்து விலை உச்சவரம்பு உண்டு. மின்சார, எரிவாயுச் சந்தையைக் கண்காணிக்கும் ஆஃப்ஜெம் அதை நிர்ணயிக்கிறது. கடைக்கும் உணவகத்துக்கும் அப்படி எதுவும் இல்லை. உங்கள் மீட்டர், வருட உபயோகம், கடன் வரலாறு எல்லாவற்றையும் பார்த்து ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விலை சொல்லும். ஒரே தெருவில் பக்கத்துப் பக்கத்துக் கடைகள் வேறு வேறு விலை கொடுப்பது இங்கே சாதாரணம். விடிய ஆறு மணிக்கு ஷட்டர் தூக்கி இரவு பத்துக்கு இறக்குகிறவர் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் போன் போட்டு விலை பேச முடியுமா? அந்த இடத்தில்தான் புரோக்கர் வருகிறார். அவருக்கு வேலை இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. கூலி எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி.

யூனிட் விலைக்குள்ளிருந்து வருகிறது. நிறுவனம் 23 பென்ஸுக்குத் தரத் தயாராக இருக்கும் மின்சாரத்தின் மேல் புரோக்கர் 3 பென்ஸ் ஏற்றி 26 என்று உங்களிடம் சொல்கிறார் என்று வையுங்கள். பால் ஃபிரிட்ஜ், குளிர்பான ஃபிரிட்ஜ், ஐஸ்கிரீம் பெட்டி என்று ஓடும் ஒரு கடை வருடத்துக்கு 40,000 யூனிட் இழுக்கிறது என்றால், அந்த 3 பென்ஸ் வருடத்துக்கு 1,200 பவுண். மூன்று வருட ஒப்பந்தத்தில் 3,600. வற் வரி தனி. உங்கள் பில்லில் புரோக்கர் என்ற பெயரே வராது. நீங்கள் நிறுவனத்துக்குக் கட்டுகிறீர்கள், நிறுவனம் அவருக்குக் கொடுக்கிறது.

கூலி இப்படி யூனிட்டோடு கட்டப்பட்டிருப்பதால் அவருடைய ஆலோசனையும் ஒரு பக்கம் சாயும். ஒப்பந்தம் நீளமாக இருந்தால் அவருக்கு லாபம். நீங்கள் அதிகம் எரித்தால் லாபம். அந்தத் திறந்த ஃபிரிட்ஜுக்கு ஒரு கதவு போடுங்கள், பில் குறையும் என்று சொல்ல அவருக்கு என்ன தலையெழுத்து?

இதே கணக்கு ஒரு பெரிய புரோக்கர் நிறுவனத்தையே கவிழ்த்திருக்கிறது. இங்கிலாந்தின் வடகிழக்கில் தொடங்கி, 2012இல் லண்டன் பங்குச் சந்தையின் ஏய்ம் பிரிவுக்கு வந்தது யுட்டிலிட்டிவைஸ். வாடிக்கையாளர்கள் இவ்வளவு யூனிட் எரிப்பார்கள் என்று மதிப்பிட்டு, பல வருடக் கமிஷனை முன்கூட்டியே வருமானமாக எழுதியது. வாடிக்கையாளர்களோ அவ்வளவு எரிக்கவில்லை. கூடுதலாகக் கொடுத்த கமிஷனை மின் நிறுவனங்கள் திருப்பிக் கேட்டன, கணக்குகளைத் திருத்தி எழுத வேண்டி வந்தது, 2019 பிப்ரவரியில் நிறுவனம் திவால் நிர்வாகிகள் கைக்குப் போனது. கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. வராத காசை வந்ததாக எழுதினால் வேறென்ன நடக்கும்?

இனி அந்தப் போன் அழைப்புக்கு வருவோம். கடையில் ஆள் நிற்கிறது, ஒரு கையில் சில்லறை. மறுமுனையில் ஒருவர் உங்கள் 13 இலக்க மீட்டர் எண்ணைக் கேட்கிறார். பிறகு, "அழைப்பு பதிவாகிறது, நான் வாசிப்பதற்கு ஆம் என்று மட்டும் சொல்லுங்கள்" என்கிறார். கடகடவென்று வாசிக்கிறார். நீங்கள் "யெஸ், யெஸ்" என்கிறீர்கள். முடிந்தது. வாய்மொழி ஒப்பந்தம் இங்கே சட்டப்படி செல்லும். வீட்டு வாடிக்கையாளருக்கு மனம் மாற 14 நாள் உண்டு, வியாபாரிக்குச் சட்டம் அதைத் தரவில்லை. "நாங்கள் ஆஃப்ஜெம்மிலிருந்து பேசுகிறோம்" என்று தொடங்குகிறவரிடம் மேற்கொண்டு பேசவே வேண்டாம். ஆஃப்ஜெம் யாருக்கும் மின்சாரம் விற்பதில்லை. அது உரிமம் கொடுப்பது விநியோக நிறுவனங்களுக்கு, புரோக்கர்களுக்கு அல்ல.

2022இல் விலை உச்சத்தில் இருந்தபோது, இன்னும் ஏறும் என்ற பயத்தில் நீண்ட ஒப்பந்தம் போட்டவர்கள் பட்ட பாடு தெரியும். அந்த அக்டோபர் முதல் அடுத்த மார்ச் வரை அரசு மொத்த விலையை யூனிட்டுக்கு 21.1 பென்ஸ் என்று தாங்கிப் பிடித்தது. அதன் பிறகு உதவி சுருங்கியது, ஒப்பந்தம் சுருங்கவில்லை.

அந்த வருடம் ஒரு நல்லதும் நடந்தது. 2022 அக்டோபர் 1 முதல், மிகச் சிறு வியாபாரங்களுக்குத் தரும் முக்கிய நிபந்தனைத் தாளில் புரோக்கருக்குப் போகும் தொகையை மின் நிறுவனம் எழுதிக் காட்ட வேண்டும். பத்துக்குக் குறைவான ஊழியரும் 20 லட்சம் யூரோவைத் தாண்டாத விற்றுமுதலும் உள்ள கடை இதில் சேரும். வருடம் ஒரு லட்சம் யூனிட்டுக்கு மேல் மின்சாரம் எரிக்காத கடையும் சேரும். நம்மவர் கடைகளில் பெரும்பாலானவை இதற்குள் அடங்கும் என்பது என் கணிப்பு. 2024 அக்டோபரில் இந்த விதி எல்லா வியாபாரங்களுக்கும் வந்துவிட்டது. அந்த வரி தாளின் எந்த மூலையில் இருந்தாலும் தேடிப் பிடியுங்கள்.

புரோக்கர் கையெழுத்துக் கேட்கும் அதிகாரக் கடிதத்தையும் வாசிக்காமல் விடாதீர்கள். உங்கள் உபயோக விவரம் பெறவும் விலை கேட்கவும் மட்டும் அதிகாரம் தரும் கடிதம் ஒரு வகை. உங்கள் சார்பில் ஒப்பந்தமே போட விடும் கடிதம் இன்னொரு வகை. இரண்டாவது என்றால் அந்த வரியை வெட்டிவிட்டு, காலாவதித் தேதியும் எழுதிக் கையெழுத்திடுங்கள். வெட்டக் கூடாது என்கிற புரோக்கர் உங்களுக்கு வேண்டாம்.

கிழக்கு லண்டனில் என்னிடம் கணக்குப் பார்க்கும் ஒருவர் சென்ற முறை புதுப்பித்தபோது, பக்கத்தில் இருந்து கேட்டேன். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நேராகக் கேட்டார்: "யூனிட்டுக்கு உங்களுக்கு எத்தனை பென்ஸ்? முழு ஒப்பந்தத்துக்கும் எத்தனை பவுண்?" சிறிது நேரம் சத்தம் இல்லை. மேலாளரிடம் கேட்டுச் சொல்வதாகப் போனவர் திரும்பி வந்து, முதலில் சொன்ன விலையில் ஒன்றரை பென்ஸ் குறைக்க முடியும் என்றார். "அப்ப முதல் சொன்ன விலை ஆருக்கு?" என்று இவர் கேட்டதற்குப் பதில் வரவில்லை. எழுத்தில் அனுப்பச் சொல்லி வைத்துவிட்டு, அதே மின் நிறுவனத்துக்கு நேரடியாகவும் போன் போட்டார். நேரடி விலை புரோக்கரின் புது விலையைவிடக் கொஞ்சம் கூட. ஆகவே புரோக்கரிடமே எடுத்தார், ஒரு வருடத்துக்கு மட்டும்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒரு வழி உண்டு. மிகச் சிறு வியாபாரங்களுக்கு வேலை செய்யும் புரோக்கர்கள் 2022 டிசம்பரிலிருந்து தகராறு தீர்க்கும் திட்டம் ஒன்றில் சேர்ந்திருக்க வேண்டும். முதலில் புரோக்கரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். எட்டு வாரத்தில் தீராவிட்டால் எரிசக்தி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம், உங்களுக்குச் செலவில்லை. 2024 டிசம்பரிலிருந்து, மின் நிறுவனத்தோடு உள்ள தகராறுகளுக்கு, ஐம்பதுக்குக் குறைவான ஊழியருள்ள சிறு வியாபாரங்களும் அந்த வாசலுக்குப் போக முடிகிறது. புகாரோடு அந்த "யெஸ், யெஸ்" ஒலிப்பதிவின் பிரதியையும் கேட்டு வாங்குங்கள்.

(அடுத்த வாரம்: கார்ட் மெஷின் வாடகை)