மனமும் ஏரியும்: ஒரு புதிய முனைவர் ஆய்வுத்துறை

செஞ்சிக் கோட்டையைக் காணச் செல்வோர் பெரும்பாலும் தேசிங்கு ராஜனையே நினைவுகூர்வர். ஆனால் அக்கோட்டை 1690 முதல் 1698 வரை மொகலாயப் படையின் முற்றுகையைத் தாங்கி நின்றதற்கு மதில்கள் மட்டுமே காரணமல்ல. இராஜகிரியின்மேல் வற்றாத சுனைகள் உண்டு. கீழே குளங்களும் களஞ்சியங்களும் உண்டு. கல்யாண மகாலின் மேலடுக்கு வரையில் மண்குழாய் வழியே நீர் ஏற்றப்பட்டதாக வரலாற்றாசிரியர் எழுதுவர். 2025 ஜூலையில் யுனெஸ்கோ நிறுவனம் மராட்டிய இராணுவ நிலப்பரப்பைச் சார்ந்த 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பெற்றது செஞ்சி ஒன்றே.

கோட்டைக்குள் இருக்கும் நீர்நிலை தொல்பொருளாகக் காக்கப்படுகிறது. வெளியே நெல்லுக்கும் மணிலாவுக்கும் நீர் தரவேண்டிய ஏரிகளைக் காப்பவர் யார்? தமிழ்நாட்டிலுள்ள ஏறத்தாழ 39,000 ஏரிகளில் பல தூர்ந்து, வரத்துக்கால் அடைபட்டு, சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கின்றன. எத்தனை கன அடி வண்டல் படிந்துள்ளது என்பதைப் பொறியாளர் அளந்து கூறிவிடுவார். ஏரி தூர்ந்தால் கிணறும் வற்றும் என்பதை நன்கறிந்த ஊரார், அதனைத் தூர்வாரக் கூடாதிருப்பதேன் என்பதற்கு அவரிடம் விடையில்லை. இக்கேள்வியை முறையாக ஆராயவே, உளவியலையும் நிலைபேற்று அறிவியலையும் இணைக்கும் முனைவர் ஆய்வுகள் தோன்றியுள்ளன.

நிலைபேறு என்பது, இன்றைய தேவைகளை நிறைவேற்றுகையில் வருந்தலைமுறையின் தேவைகளுக்கு ஊறு நேராது வாழும் நிலையாகும். 1987-இல் வெளிவந்த புரூண்ட்லாண்ட் குழுவின் அறிக்கை இக்கருத்தை உலகறியச் செய்தது. இதனைத் தனியொரு அறிவியலாக வரையறுக்கும் முயற்சி 2001-இல் கேட்ஸ் முதலிய அறிஞரின் கட்டுரையால் உரம்பெற்றது. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் 2006-இல் இதற்கெனத் தனிப்புலம் நிறுவியது. இத்தகைய ஆய்வை மேற்கொள்ளும் மாணவர் இரு கரைகளில் கால் வைத்தாக வேண்டும். ஒரு பக்கம் மழையளவு, நீர்மட்டம், மண். மறுபக்கம் மனப்பான்மை, பழக்கம், அச்சம், நம்பிக்கை. இரு துறைகளின் தேர்வாளரையும் நிறைவுசெய்வது எளிதன்று. ஒருவர் மாதிரி எண்ணிக்கை குறைவு என்பார். மற்றவர் நீரியல் ஆழமில்லை என்பார்.

இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவராகக் கருதத்தக்கவர் குர்ட் லெவின். இரண்டாம் உலகப்போரின்போது, அமெரிக்க இல்லத்தரசியர் வழக்கமாகச் சமைக்காத இதயம், சிறுநீரகம் போன்ற உறுப்பிறைச்சிகளைச் சமைக்கச் செய்வது எப்படி என்பதை அவர் ஆராய்ந்தார். ஒரு சாராருக்குச் சிறந்த சொற்பொழிவு அளிக்கப்பட்டது. மறுசாரார் தாமே கூடிக் கலந்து பேசி முடிவுசெய்தனர். பின்னர் விசாரித்தபோது, சொற்பொழிவு கேட்டவருள் 3 விழுக்காட்டினரே அவ்வுணவைச் சமைத்திருந்தனர். கலந்து பேசியவருள் 32 விழுக்காட்டினர் சமைத்திருந்தனர். பிரசங்க பீடத்தில் நிற்கும் நமக்கு இது இனிய செய்தியன்று! சுற்றுச்சூழல் ஞாயிறு ஒன்றை ஆண்டுதோறும் ஆசரித்து, அருளுரை ஆற்றிவிட்டு நிறைவோடு வீடு திரும்புகிறோம்.

2008-இல் கோல்ட்ஸ்டைன், சியால்தினி முதலியோர் வெளியிட்ட விடுதி ஆய்வும் இவ்வழியதே. துவாலையை மறுமுறை பயன்படுத்திச் சூழலைக் காக்குமாறு வேண்டிய அட்டைக்குச் செவிசாய்த்தோர் ஏறத்தாழ 35 விழுக்காடு. விருந்தினர் பெரும்பாலோர் அவ்வாறே செய்கின்றனர் என்று கூறிய அட்டைக்கு இணங்கியோர் ஏறத்தாழ 44 விழுக்காடு. அயலான் செய்கிறான் என்னும் அறிவு மனிதனை அசைக்கிறது. ஆனால் அமெரிக்க விடுதித் துவாலையிலிருந்து செஞ்சி வட்டாரத்து ஏரிக்கரைக்கு ஒரே தாவலில் வந்துவிட இயலாது.

பொதுச்சொத்து பொதுவாயிருப்பதாலேயே அழியும் என்று 1968-இல் கார்ரெட் ஹார்டின் வாதிட்டார். மக்கள் தாமே விதிகள் வகுத்துப் பொதுவளத்தைக் காத்த நிகழ்ச்சிகளை 1990-இல் எலினோர் ஆஸ்ட்ரம் தொகுத்துக் காட்டினார். 2009-இல் பொருளியல் நோபல் பரிசு பெற்றார். நம் குடிமராமத்து இதற்குச் சான்று என்று பெருமைப்படலாம். அப்பெருமையைச் சற்று நிதானிக்கச் செய்பவர் டேவிட் மாஸ். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில், இராமநாதபுரப் பகுதியின் சாதியையும் கிறிஸ்தவத்தையும் பற்றி முனைவர் ஆய்வு செய்த இவர், 2003-இல் தமிழகத்து ஏரிகளைப் பற்றிய நூலை வெளியிட்டார். ஏரிப் பராமரிப்பு வெறும் கூட்டுறவன்று, அது அதிகாரத்தோடும் கௌரவத்தோடும் சாதியோடும் பின்னியது என்பது அவர் காட்டும் உண்மை. மதகைத் திறந்து வயல்தோறும் நீர் பாய்ச்சிய நீர்க்கட்டி பல ஊர்களில் தலித் மக்களுள் ஒருவரே. அவருடைய மகன் அவ்வேலையைக் கைவிட்டால், வினாத்தாளோடு வரும் ஆய்வாளர் அதனை ‘அக்கறையின்மை’ என்று குறித்துக்கொள்ளக்கூடும். உண்மையில் அது அவமதிப்பை மறுத்த செயலாயிருக்கலாம். மனத்தை அளப்பவர் சமூகத்தை அறியாவிடில் இத்தகைய பெரும்பிழை நேரும்.

இவ்வாய்வு நமது இறையியலையும் தொடுகிறது. இயற்கைச் சீர்கேட்டின் வேர்கள் மேற்கத்திய கிறிஸ்தவத்தில் உள்ளன என்று 1967-இல் லின் வைட் எழுதியதை அறியாத இறையியல் மாணவர் இலர். அதற்கு மறுப்பாக ஆதியாகம விளக்கங்கள் பல எழுதினோம். சமூக அறிவியலாரோ, விசுவாசிகளிடமே சென்று கேட்டனர். 1984-இல் ஹேண்ட், வான் லியர் என்போர் அமெரிக்காவில் நடத்திய ஆய்வில், இயற்கையை அடக்கியாளும் நோக்கு திருச்சபைப் பிரிவுக்குப் பிரிவு வேறுபடக் கண்டனர். அதாவது, ஒரே வேதாகமத்தை வாசிப்போர் ஒரே மனப்பான்மை உடையவரல்லர்.

தமிழ்ச் சபைகளில் இதனை ஆராய விரும்புவோர்க்கு முதல் தடை வினாத்தாளே. இத்துறையில் மிகுதியும் கையாளப்படும் அளவுகோல் டன்லப்பும் வான் லியரும் 1978-இல் அமைத்தது. 2000-இல் 15 கூற்றுகளோடு திருத்தப்பட்டது. மனிதன் இயற்கையை ஆளவே ஏற்பட்டவனா என்பது அவற்றுள் ஒன்று. ஆதியாகமம் 1:28-ஐ மனப்பாடமாய் அறிந்த ஒரு மூப்பர் இதற்கு ‘ஆம்’ என்பார். அதே மூப்பர், கோடையில் தம் வீட்டுத் திண்ணையில் வழிப்போக்கருக்கும் பறவைகளுக்கும் தண்ணீர் வைப்பவராய் இருக்கலாம். ‘சுற்றுச்சூழல்’ என்னும் சொல் அவர் வாயில் வருவதில்லை. மழை, ஏரி, மந்தைவெளி, புறம்போக்கு என்றே பேசுவார். அச்சொற்களைக் கொண்டு வினாக்களைப் புதிதாய் அமைப்பதே இங்குச் செய்யவேண்டிய முதற்பணி. அதற்கு வேண்டிய கிராமத்துச் செவி நம் மாணவர் பலருக்கு உண்டு. செஞ்சியிலிருந்து தொலைவிலில்லாத புதுவைப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறையும் சூழலியல் துறையும் உள்ளன.