வேடந்தாங்கல்: பறவைகளும் பாசனமும்

மார்கழியில் வேடந்தாங்கல் ஏரிக்கரையில் நடப்போர் ஒரே காலைப்பொழுதில் பனி, வெயில், தூறல் மூன்றையும் காணலாம். வடகிழக்குப் பருவமழை ஏரியை நிரப்பினால்தான் நீரில் நிற்கும் மரங்களில் நத்தைகுத்தி நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டும். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாகிறது. இப்பலனை உணர்ந்த கிராமத்தார் வேட்டையைத் தடுத்தனர். 1798-இல் செங்கல்பட்டு ஆட்சியரிடம் அதற்கான உரிமையையும் பெற்றனர். காப்பவருக்கே பயன் கிடைத்ததால் காவலும் நிலைத்தது.

ஆனால், பறவைகள் இரை தேடுவது சுற்றுவட்டார ஏரிகளிலும் நெல்வயல்களிலும்தான். 5 கி.மீ. ஆரம் கொண்ட சரணாலய எல்லையை 3 கி.மீ. ஆகச் சுருக்க 2020-இல் எழுந்த முன்மொழிவு கவலை அளித்தது அதனால்தான். கூடு கட்டும் மரங்களோடு இரை நிலங்களையும் உள்ளடக்கியதாகவே எல்லை அமைய வேண்டும்.