புற்றுநோயை உறுதி செய்வது ஸ்கேன் அல்ல, திசுப் பரிசோதனையே: மருத்துவ மாணவர்களுக்கான அடிப்படைகள்

இந்தியாவில் 2022-ஆம் ஆண்டில் சுமார் 14 லட்சம் பேர் புதிதாகப் புற்றுநோயால் பாதிக்கப்பட்டதாகவும், 9 லட்சத்துக்கும் அதிகமானோர் உயிரிழந்ததாகவும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை மதிப்பிட்டுள்ளது. நோய் முற்றிய பின்னரே பலர் சிகிச்சைக்கு வருகின்றனர். இந்நோயை முதலில் சந்தேகிக்க வேண்டியவர், பெரும்பாலும் புறநோயாளிகள் பிரிவில் பணியாற்றும் பொது மருத்துவரே. எனவே, நோயறிதலின் அடிப்படைகள் ஒவ்வொரு மருத்துவ மாணவருக்கும் அவசியமாகின்றன.

எப்போது சந்தேகிக்க வேண்டும்?

மூன்று வாரங்களாகியும் ஆறாத வாய்ப்புண், வலியில்லாத மார்பகக் கட்டி, மாதவிடாய் நின்ற பிறகு ஏற்படும் ரத்தப்போக்கு, நீடிக்கும் குரல் மாற்றம், மலத்தில் ரத்தம், காரணமற்ற எடைக் குறைவு ஆகியவை முக்கிய அறிகுறிகள். 30 வயதைக் கடந்தோருக்கு வாய், மார்பக, கருப்பை வாய்ப் புற்றுநோய்களைக் கண்டறிய அரசு நடத்தும் முன்பரிசோதனையும் சந்தேகத்தை எழுப்புமே தவிர, நோயை உறுதி செய்யாது.

காசநோயுடன் ஏற்படும் குழப்பம்

இருமல், எடைக் குறைவு, சளியில் ரத்தம், எக்ஸ்ரேயில் நிழல் ஆகியவை காசநோய்க்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் பொதுவானவை. கிருமி உறுதியாகாமலேயே காசநோய் மருந்துகள் தொடங்கப்பட்டு, மாதங்கள் கடந்த பிறகு புற்றுநோய் தெரியவரும் நிகழ்வுகள் இந்தியாவில் தொடர்ந்து பதிவாகின்றன. இழந்த மாதங்களில், அறுவை சிகிச்சைக்கான வாய்ப்பே கைநழுவக்கூடும்.

பெட் ஸ்கேனில் காசநோய்ப் பாதிப்பும் ஒளிரும். சினைப்பைப் புற்றுநோய்க்காகப் பார்க்கப்படும் சிஏ-125 அளவு, வயிற்றுக் காசநோயிலும் உயரும். ஆகவே, ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் வழிகாட்டிகள் மட்டுமே. கல்லீரல் சுருக்க நோயாளிகளுக்கு வரும் கல்லீரல் புற்றுநோய் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, இறுதி விடை திசுவிலேயே உள்ளது.

எந்தப் பரிசோதனை?

மெல்லிய ஊசியால் உறிஞ்சும் எஃப்என்ஏசி முறையில் செல்கள் மட்டுமே கிடைக்கும். தடித்த ஊசி பயாப்சியில் திசுவின் அமைப்பும், நோய் சுற்றிலும் ஊடுருவியுள்ளதா என்பதும் தெரியும். நிணநீர்ப் புற்றுநோய் எனச் சந்தேகித்தால், இயன்றவரை நிணநீர்க் கணுவை முழுமையாக அகற்றிச் சோதிப்பதே சிறந்தது. அதற்கு முன் ஸ்டீராய்டு கொடுத்தால் நோயின் அடையாளம் மறைந்துவிடக்கூடும்.

வாய்ப்புண்ணில் அழுகிய நடுப்பகுதியைத் தவிர்த்து, விளிம்பிலிருந்து திசு எடுக்க வேண்டும். அதனைத் திசுவைப் போல் பத்து மடங்கு அளவுள்ள ஃபார்மலினில் இட்டு, நோயாளியின் விவரங்களுடன் அனுப்ப வேண்டும். விவரமற்ற படிவம், நோய்க்குறியியல் நிபுணரின் கண்களைக் கட்டிவிடுவதற்குச் சமம்.

நிலை வேறு, தரம் வேறு

கட்டியின் அளவு, நிணநீர்க் கணுக்களில் பாதிப்பு, பிற உறுப்புகளுக்குப் பரவல் ஆகியவற்றைக் கொண்டு நோயின் 'நிலை' கணிக்கப்படுகிறது. செல்கள் இயல்பிலிருந்து எவ்வளவு மாறியுள்ளன என்பதே 'தரம்'. மார்பகப் புற்றுநோயில் ஹார்மோன் ஏற்பிகள், ஹெர்-2 புரதம் ஆகியவற்றையும் அறிந்த பிறகே சிகிச்சை முடிவாகும்.

ஊசி குத்தினால் நோய் பரவுமா?

இந்த அச்சத்தால் பயாப்சியை மறுப்போர் பலர். ஊசி சென்ற பாதையில் செல்கள் பரவுவது மிக அரிது. விரைப்பை போன்ற சில இடங்களில் மட்டும் ஊசிப் பரிசோதனை தவிர்க்கப்படுகிறது. தாமதத்தால் வரும் ஆபத்தே பெரிது என்பதை நோயாளிக்கும் குடும்பத்தினருக்கும் பொறுமையாக விளக்குவதும் நோயறிதலின் ஒரு பகுதியே.