ஒரே 27 புள்ளிகள், மூன்று வெவ்வேறு இடங்கள்: சென்னையின் எஃப்.சி. மீள வழி எது?

சென்னை: இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கால்பந்துத் தொடரில் இரண்டு முறை கோப்பை வென்ற சென்னையின் எஃப்.சி. அணி, 2024-25 சீசனில் 13 அணிகள் கொண்ட புள்ளிப் பட்டியலில் 11-ஆம் இடத்தையே பிடித்தது. பயிற்சியாளரை மாற்ற வேண்டுமா, வெளிநாட்டு வீரர்களை மாற்ற வேண்டுமா, உள்ளூர் வீரர்களை நம்ப வேண்டுமா என்று ரசிகர்களிடையே ஆண்டுதோறும் எழும் விவாதம் அதன் பிறகு மேலும் கூர்மையடைந்தது. இந்த வாதங்களில் எவை கடந்த சீசன்களின் முடிவுகளோடு பொருந்துகின்றன, எவை பொருந்தவில்லை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

உயர்வும் சரிவும்

2014-இல் தொடங்கப்பட்ட சென்னையின் எஃப்.சி.யின் உரிமையாளர்கள் நடிகர் அபிஷேக் பச்சன், தொழிலதிபர் வீட்டா டானி, கிரிக்கெட் வீரர் மகேந்திர சிங் தோனி ஆகியோர். பெரியமேட்டில் உள்ள ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கம் அணியின் சொந்த மைதானம். இத்தாலியின் மார்கோ மாதராஸி பயிற்சியில் 2015-ஆம் ஆண்டு தொடரின் நடுவே கடைசி இடம் வரை சரிந்த அணி, அதிலிருந்து மீண்டு, இறுதியாட்டத்தில் கோவா அணியை 3-2 என வீழ்த்திக் கோப்பையை வென்றது. 2018 மார்ச் 17 அன்று பெங்களூருவில் நடைபெற்ற இறுதியாட்டத்தில் பெங்களூரு எஃப்.சி.யை அதே 3-2 கணக்கில் தோற்கடித்து இரண்டாவது முறையாக வாகை சூடியது. அப்போது பயிற்சியாளராக இருந்தவர் இங்கிலாந்தின் ஜான் கிரிகரி.

அடுத்த சீசனிலேயே அணி தலைகீழாக மாறியது. 2018-19-இல் 18 ஆட்டங்களில் 2 வெற்றி மட்டுமே பெற்றுப் பட்டியலின் கடைசி இடத்தில் முடித்தது. 2019-20-இல் இறுதியாட்டம் வரை முன்னேறி, ஏ.டி.கே. அணியிடம் 1-3 எனத் தோற்றது. அதன் பின்னர் 2024-25 வரையிலான ஐந்து சீசன்களில் ஒருமுறைகூட முதல் ஐந்து இடங்களுக்குள் வரவில்லை.

புள்ளிகள் காட்டுவது என்ன?

லீக் சுற்றில் அணி பெற்ற புள்ளிகள் பின்வருமாறு:

2017-18: 18 ஆட்டங்கள், 32 புள்ளிகள், 2-ஆம் இடம்
2018-19: 18 ஆட்டங்கள், 9 புள்ளிகள், 10-ஆம் இடம்
2019-20: 18 ஆட்டங்கள், 29 புள்ளிகள், 4-ஆம் இடம்
2020-21: 20 ஆட்டங்கள், 20 புள்ளிகள், 8-ஆம் இடம்
2021-22: 20 ஆட்டங்கள், 20 புள்ளிகள், 8-ஆம் இடம்
2022-23: 20 ஆட்டங்கள், 27 புள்ளிகள், 8-ஆம் இடம்
2023-24: 22 ஆட்டங்கள், 27 புள்ளிகள், 6-ஆம் இடம்
2024-25: 24 ஆட்டங்கள், 27 புள்ளிகள், 11-ஆம் இடம்

இறுதி மூன்று சீசன்களிலும் அணி பெற்றது அதே 27 புள்ளிகளே. ஆனால் இடம் எட்டு, ஆறு, பதினொன்று என மாறியது. 2023-24-இல் 'பிளே-ஆஃப்' சுற்றுக்குத் தகுதி பெற்றபோது அது மறுமலர்ச்சியாகப் பேசப்பட்டது. 2024-25-இல் 11-ஆம் இடத்துக்கு இறங்கியபோது அது வீழ்ச்சியாகப் பேசப்பட்டது. லீக்கில் அணிகளின் எண்ணிக்கையும் ஆட்டங்களின் எண்ணிக்கையும் உயர்ந்துகொண்டிருந்தன என்பதைக் கணக்கில் கொண்டால் வேறொரு சித்திரம் கிடைக்கிறது. ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 2022-23-இல் 1.35 புள்ளிகள், 2023-24-இல் 1.23, 2024-25-இல் 1.13 என அணி சீராக இறங்கியே வந்துள்ளது. 'பிளே-ஆஃப்' ஆடிய சீசன், அதற்கு முந்தைய எட்டாம் இட சீசனைவிட உண்மையில் சற்றுப் பலவீனமானது.

எனவே, பட்டியலில் உள்ள இடத்தை மட்டும் வைத்து ஒரு பயிற்சியாளரைக் கொண்டாடுவதோ, இன்னொருவரைக் குறை கூறுவதோ தவறான முடிவுக்கே இட்டுச்செல்லும்.

பயிற்சியாளரை மாற்றினால் போதுமா?

ரசிகர்களின் முதல் கோரிக்கை பெரும்பாலும் இதுவாகவே இருக்கும். இதற்கு ஆதரவாக அவர்கள் முன்வைக்கும் சான்று வலுவானது. 2019-20 சீசனின் முதல் 6 ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றியுடன் 5 புள்ளிகள் மட்டுமே பெற்ற நிலையில் ஜான் கிரிகரி விலகினார். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஓவன் காயில் பொறுப்பேற்ற பின், எஞ்சிய 12 ஆட்டங்களில் அதே அணி 24 புள்ளிகளைக் குவித்தது.

ஆனால் அதற்குப் பிந்தைய வரலாறு வேறு. 2020-21-இல் ஹங்கேரியின் சாபா லாஸ்லோ, 2021-22-இல் மாண்டினீக்ரோவின் போஸிதார் பாண்டோவிச், 2022-23-இல் ஜெர்மனியின் தாமஸ் பிரடாரிச் என மூன்று சீசன்களுக்கு மூன்று பயிற்சியாளர்கள் வந்தனர். 2022 பிப்ரவரியில் கோவா அணியிடம் 0-5 எனத் தோற்றதைத் தொடர்ந்து பாண்டோவிச் நீக்கப்பட்டு, சையது சபீர் பாஷா இடைக்காலப் பொறுப்பேற்றார். மூன்று சீசன்களிலும் அணி முடித்தது எட்டாம் இடத்தில்தான்.

2023-இல் ஓவன் காயிலே மீண்டும் அழைத்து வரப்பட்டார். இரு சீசன்கள் அவர் பொறுப்பில் இருந்தும் 2019-20-இன் வேகம் திரும்பவில்லை. இடைப்பட்ட காலத்தில் அதே காயில், ஜாம்ஷெட்பூர் அணியை 2021-22-இல் லீக் கேடயம் வெல்லச் செய்தார் என்பது குறிப்பிடத்தக்கது. பயிற்சியாளரின் திறன் ஒன்றே முடிவைத் தீர்மானிப்பதாக இருந்தால், ஒரே மனிதருக்கு இத்தனை மாறுபட்ட பலன்கள் கிடைத்திருக்க இயலாது.

உலகக் கால்பந்தின் அனுபவமும் இதை ஒத்ததே. நெதர்லாந்தின் முதல் நிலை லீக்கை ஆராய்ந்த பொருளியல் ஆய்வு ஒன்று, சரிவின்போது பயிற்சியாளரை மாற்றிய அணிகளையும், அதே அளவு சரிவில் மாற்றாமல் காத்திருந்த அணிகளையும் ஒப்பிட்டது. மாற்றிய அணிகள் மீண்டது உண்மை. மாற்றாத அணிகளும் ஏறக்குறைய அதே அளவு மீண்டன. மிக மோசமான ஒரு காலகட்டத்துக்குப் பிறகு எந்த அணியும் தன் வழக்கமான நிலைக்குத் திரும்ப முனையும் என்பதே இதற்கான விளக்கம்.

வெளிநாட்டு வீரர்கள் மீதான நம்பிக்கை

இரண்டாவது வாதம், நல்ல வெளிநாட்டு முன்கள வீரர் ஒருவரைக் கொண்டுவந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது. 2015-இல் கொலம்பியாவின் ஸ்டிவன் மென்டோசா 13 கோல்கள் அடித்தார். 2019-20-இல் லிதுவேனியாவின் நெரிஜஸ் வால்ஸ்கிஸ் 15 கோல்களுடன் தங்கக் காலணி விருது பெற்றார். இவை ரசிகர்களின் நினைவில் ஆழப் பதிந்தவை.

எனினும் வெளிநாட்டு வீரர்கள் பெரும்பாலும் குறுகிய ஒப்பந்தத்தில் வருபவர்கள். வால்ஸ்கிஸும் காயிலும் 2020-இல் ஒன்றாகவே ஜாம்ஷெட்பூருக்குச் சென்றனர். அடுத்த சீசனில் சென்னையின் அணி 20 ஆட்டங்களில் 17 கோல்களே அடித்து, 11 ஆட்டங்களைச் சமன் செய்தது.

விதிமுறையும் மாறிவிட்டது. 2014 முதல் 2016 வரை ஆறு வெளிநாட்டு வீரர்களும், பின்னர் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் களத்தில் ஆடலாம் என்றிருந்த நிலை, 2021-22 முதல் நான்காகக் குறைக்கப்பட்டது. அதாவது, பதினொருவரில் குறைந்தது ஏழு பேர் இந்திய வீரர்களாக இருந்தாக வேண்டும். முன்பு இரண்டு பிரேசில் வீரர்களும் ஓர் ஐரோப்பியத் தடுப்பாட்டக்காரரும் மறைத்துவிட்ட குறைகளை இப்போது மறைக்க முடிவதில்லை.

போன இந்திய வீரர்கள்

சென்னையின் அணியின் தேக்கத்தைப் புரிந்துகொள்ள உதவும் முக்கியக் கூறு இதுவே. 2019-20-இல் இறுதியாட்டம் வரை சென்ற அணியில் நடுக்களத்தில் அனிருத் தாபாவும், விளிம்பில் லாலியன்சுவாலா சாங்தேயும் இருந்தனர். இருவரும் அப்போது வளர்ந்துவந்த இளம் வீரர்கள்.

சாங்தே 2022 ஜனவரியில் கடன் முறையில் மும்பை சிட்டி அணிக்குச் சென்று, பின்னர் அங்கேயே நிலைத்தார். 2022-23 ஐ.எஸ்.எல். தொடரின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்து விருதைப் பெற்றார். அனைத்திந்திய கால்பந்துச் சம்மேளனத்தின் ஆண்டின் சிறந்த வீரர் விருதும் அவரைத் தேடிவந்தது. அணித் தலைவராக உயர்ந்த தாபா, 2023-இல் மோகன் பகான் அணிக்கு மாறினார். அந்த அணி அடுத்த இரு சீசன்களிலும் லீக் கேடயத்தை வென்றது. சென்னையில் பக்குவப்பட்டவர்கள், பக்குவத்தின் பலனை வேறு நகரங்களுக்கு அளித்தனர்.

இதில் நிர்வாகத்தை மட்டும் குறை கூற இயலாது என்று வாதிடும் ரசிகர்களும் உண்டு. சர்வதேசக் கால்பந்து விதிகளின்படி, ஒப்பந்தத்தின் கடைசி ஆறு மாதங்களில் ஒரு வீரர் பிற அணிகளுடன் நேரடியாகப் பேச்சு நடத்தலாம். ஒப்பந்தம் முடிந்தால் பழைய அணிக்குப் பரிமாற்றத் தொகை ஏதும் கிடைக்காது. பெரும் முதலீடு கொண்ட அணிகளின் ஊதியத்துக்கு ஈடுகொடுப்பதும் எளிதன்று. ஆயினும், இளம் வீரரின் ஒப்பந்தத்தை முன்கூட்டியே நீட்டிப்பதும், ஒருவர் போகும் முன்பே மாற்று வீரரைத் தயார் செய்வதும் நிர்வாகத்தின் கையில் உள்ளவை. கிடைக்கும் பரிமாற்றத் தொகையைக் கொண்டு இரண்டு இளம் வீரர்களை வாங்கி வளர்ப்பதே உலகின் நடுத்தர அணிகள் பலவற்றின் வழிமுறையாகும்.

உள்ளூர் வீரர்கள்: கோவை தந்த பாடம்

தமிழக வீரர்களுக்குக் கூடுதல் வாய்ப்பு வேண்டும் என்பது மற்றொரு நீண்டகாலக் கோரிக்கை. இதற்குச் சான்றாகக் கூறப்படுவது சென்னை சிட்டி அணி. சென்னையின் எஃப்.சி. கடைசி இடம் பெற்ற அதே 2018-19 சீசனில், கோயம்புத்தூரைச் சொந்த மைதானமாகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி, ஐ-லீக் பட்டத்தை வென்றது. எட்வின் சிட்னி வன்ஸ்பால் உள்ளிட்ட தமிழக வீரர்கள் அந்த அணியில் தொடர்ந்து ஆடினர்.

ஆனால் அந்த வெற்றியை உள்ளூர் வீரர்களின் வெற்றியாக மட்டும் காண்பது முழுமையாகாது. ஸ்பெயினில் இருந்து வந்த முன்கள வீரர் பெட்ரோ மான்சி 21 கோல்கள் அடித்தார். உள்ளூர் வீரர்களுக்கு நீண்ட ஆட்ட நேரமும், அவர்களுடன் பொருந்தும் வெளிநாட்டு வீரர்களும் ஒருசேர அமைந்ததே அதன் பலம். முதலீடு தொடராவிட்டால் அத்தகைய வெற்றியும் நிலைக்காது என்பதற்கும் அதே அணி சான்றாகிறது. 2020-21 சீசனுக்குப் பிறகு சென்னை சிட்டி ஐ-லீக்கில் ஆடவில்லை.

திறமைக்குக் குறைவில்லை. 2017-18-இல் கோப்பை வென்ற அணியின் நடுக்களத்தில் இருந்த தனபால் கணேஷ், வடசென்னையின் வியாசர்பாடியில் இருந்து வந்தவர். காயத்தால் அவர் அடுத்த சீசனை இழந்தது, 2018-19 சரிவின் காரணங்களுள் ஒன்று. சென்னையைச் சேர்ந்த நந்தகுமார் சேகர், ஒடிசா, ஈஸ்ட் பெங்கால் அணிகளுடன் சூப்பர் கோப்பை வென்றார்.

தோல்விக்குத் தண்டனை இல்லாத லீக்

ஐரோப்பாவில் கடைசி இடங்களைப் பெறும் அணி அடுத்த நிலை லீக்குக்கு இறக்கப்படும். 2016-இல் இங்கிலாந்து பிரீமியர் லீக்கை வென்ற லெஸ்டர் சிட்டி, 2023-இல் அவ்வாறு இறக்கப்பட்டது. ஐ.எஸ்.எல்.லில் 2024-25 வரை இந்த முறை நடைமுறைக்கு வரவில்லை. ஐ-லீக்கில் இருந்து பஞ்சாப், முகமதன் அணிகள் மேலேறி வந்தபோதிலும், மேலிருந்து எந்த அணியும் கீழே இறங்கவில்லை. தொடர்ந்து தோற்றாலும் இடம் பறிபோகாது என்ற நிலையில், நிர்வாகத்தின் மீதான அழுத்தம் ரசிகர்களிடம் இருந்து மட்டுமே வர முடியும்.

அந்த ரசிகர்களின் பொறுமையும் சோதிக்கப்பட்டுள்ளது. பெருந்தொற்று காரணமாக 2020-21, 2021-22 சீசன்கள் முழுவதும் கோவாவிலேயே நடைபெற்றதால், சென்னையில் ஓர் ஆட்டம்கூட நடக்கவில்லை. 'சூப்பர் மச்சான்ஸ்', 'பி ஸ்டாண்ட் புளூஸ்' போன்ற ரசிகர் அமைப்புகள் அதன் பிறகும் மைதானத்துக்குத் திரும்பின. தமிழகத்துக்கு மட்டுமன்றி, ஐ.எஸ்.எல். அணி இல்லாத ஆந்திரத்தின் திருமலை-திருப்பதி பகுதிக்கும் அருகில் உள்ள ஐ.எஸ்.எல். மைதானம் பெரியமேடுதான். இந்த அணி தளர்ந்தால், அப்பகுதி இளைஞர்கள் எளிதில் சென்று பார்க்கக்கூடிய முதல் நிலைக் கால்பந்தும் தளரும்.

2025-இல் நெருக்கடி இன்னும் பெரிதானது. கால்பந்துச் சம்மேளனத்துக்கும் லீக்கை நடத்திய நிறுவனத்துக்கும் இடையிலான உரிம ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாததால், ஐ.எஸ்.எல். அந்த ஆண்டு ஜூலையில் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் சென்னையின் எஃப்.சி. தன் செயல்பாடுகளைத் தற்காலிகமாக நிறுத்தியது. புதிய சீசன் 2026 பிப்ரவரிக்குத் தள்ளிப்போனது. லீக் எப்போது நடக்கும் என்பதே தெரியாத சூழலில், ஐந்தாண்டுத் திட்டம் கேட்பது எந்த நிர்வாகத்துக்கும் கடினமான கேள்விதான்.

இனி எதைக் கவனிக்க வேண்டும்?

காயிலுக்குப் பிறகு, இந்திய அணியின் முன்னாள் நடுக்கள வீரரும், 2023-இல் ஒடிசா அணிக்கு சூப்பர் கோப்பை வென்று தந்தவருமான கிளிஃபோர்ட் மிராண்டா தலைமைப் பயிற்சியாளராக நியமிக்கப்பட்டார். இந்திய வீரர்களை நன்கு அறிந்தவர் என்பதால், இந்த நியமனம் ரசிகர்கள் பலரின் கோரிக்கையோடு பொருந்துகிறது. ஆனால் மற்றொரு பயிற்சியாளர் மாற்றமாக மட்டும் அது நின்றுவிட்டால், கடந்த காலக் கணக்கு மாறாது.

முன்னேற்றத்தை அளக்கப் பட்டியல் இடத்தைவிட நம்பகமான அளவுகோல்கள் மூன்று. முதலாவது, ஓர் ஆட்டத்துக்கான சராசரிப் புள்ளி 1.13-இல் இருந்து உயர்கிறதா என்பது. ஒரு கோல் வித்தியாசத்தில் இழக்கும் சில ஆட்டங்களைச் சமன் செய்தாலே இது மாறும். இரண்டாவது, சீசன் முடிவில் அணியின் முக்கிய இந்திய வீரர்களில் எத்தனை பேர் அடுத்த சீசனுக்கும் தொடர்கின்றனர் என்பது. மூன்றாவது, அணியின் இளையோர் பிரிவில் இருந்து வருபவர்களுக்கு முதன்மை அணியில் எத்தனை நிமிடங்கள் ஆடக் கிடைக்கின்றன என்பது.

பயிற்சியாளர் யார், முன்கள வீரர் யார் என்ற விவாதம் ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் தொடரும். அடுத்த தாபாவோ சாங்தேயோ சென்னையில் உருவாகும்போது, அவரைத் தக்கவைக்க அணியிடம் என்ன ஏற்பாடு உள்ளது என்பதே நிர்வாகம் பதில் அளிக்க வேண்டிய கேள்வி.