இருநூறு பேர் பார்த்தார்கள், பத்துப் பேர் கொடுத்தார்கள்

தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கணினி வாங்கவோ, மழையில் கூரை போன லயத்துக்கு உதவவோ இரத்தினபுரி, கேகாலைப் பக்கத்து இளைஞர்கள் இணையத்தில் பணம் திரட்டினால் இரண்டு எண்கள் கைக்கு வரும்: பக்கத்தைப் பார்த்தவர் எத்தனை பேர், அவர்களில் கொடுத்தவர் எத்தனை பேர். பின்னதை முன்னதால் வகுத்தால் கொடுப்போர் விகிதம். கணக்கு சுலபம்தான். ஆனால் தோட்டங்களில் இந்த இரண்டு எண்களுமே சரியாக விழுவதில்லை.

லயத்தில் ஒரே போனில் நாலு பேர் சேர்ந்து பார்த்தாலும் பதிவாவது ஒருவர். கொழும்பில் கடையில் நிற்கும் பிள்ளை போனிலும் கணினியிலும் திறந்தால் இருவர். வாட்ஸ்அப்பில் தட்டி வருபவர் எங்கிருந்து வந்தார் என்ற தடம் பெரும்பாலும் இருக்காது. நேரடியாக வந்தவர் என்று பக்கத்தின் கணக்கு எழுதிக்கொள்ளும். ஒவ்வொரு குழுவுக்கும் இணைப்பின் வாலில் வேறு வேறு அடையாளச் சொல் சேர்த்து அனுப்பினால் கோயில் குழு எது, பழைய மாணவர் குழு எது என்று பிரிக்கலாம்.

கொடுத்தவர் கணக்கு இன்னும் சிக்கல். கோபண்ட்மீ என்ற நிதி திரட்டும் தளத்தில் இலங்கையிலுள்ள ஒருவர் நேரடியாகப் பணம் பெற வழியில்லை. லண்டனிலோ டொரண்டோவிலோ இருக்கும் உறவினர் ஒருவர்தான் பக்கத்தைத் திறக்க வேண்டும். உள்ளூர்க்காரரோ வங்கியில் போட்டுவிட்டுச் சிலிப்பைப் படமெடுத்து அனுப்புவார். பக்கத்தின் கணக்கில் அவர் பார்த்துவிட்டுச் சும்மா போனவர்! இதற்கு நான் சொல்லும் வழி, தொகையிலேயே அடையாளம் வைப்பது. கோயில் குழு 1,002 ரூபாய், பழைய மாணவர் 1,003 ரூபாய். 1,001 மட்டும் வேண்டாம். மொய் எழுதிப் பழகிய கை தானாகவே அந்தத் தொகையைப் போடும்.

சரி, கணக்கு நேராகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒரு குழுவில் 200 பேர் பார்த்து 10 பேர் கொடுத்தார்கள். இன்னொன்றில் 200 பேர் பார்த்து 4 பேர். முதல் குழுதான் தாராளம் என்று சொல்லிவிடலாமா? கொடுத்த 14 பேரும் எந்தப் பக்கம் விழுவார்கள் என்பது வெறும் காசு சுண்டல் என்றாலும், 10க்கு 4 என்றோ அதைவிடச் சாய்ந்தோ பிரிவது நூறு தடவையில் சுமார் 18 தடவை நடக்கும். அவசரப்பட இடமில்லை.

இந்த எச்சரிக்கையை உலகுக்குக் கற்றுக்கொடுத்ததில் தேயிலைக்கும் பங்கு உண்டு என்பதை நம் தோட்டத்துப் பிள்ளைகள் அறிய வேண்டும். இங்கிலாந்தின் ரொதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் மியூரியல் பிரிஸ்டல் என்ற ஆய்வாளர், கோப்பையில் பால் முதலில் விழுந்ததா தேநீர் முதலில் விழுந்ததா என்று குடித்தே சொல்வேன் என்றார். அங்கிருந்த புள்ளியியலாளர் ரொனால்ட் பிஷர் 1935இல் வெளியிட்ட நூலில் இதையே பரிசோதனையாக விளக்கினார்: எட்டுக் கோப்பைகள், நாலில் பால் முதலில், வரிசை குலுக்கல்படி. குருட்டாம்போக்கில் எல்லாம் சரியாக வர வாய்ப்பு 70இல் 1.

அதே பிஷரோடு ஆய்வுக் கட்டுரை எழுதிய தாமஸ் ஈடன் பின்னர் இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்துக்கு வந்தார். தேயிலை மலைச் சோதனைகளில் நேரும் பிழைகளைப் பற்றி 1931இல் எழுதினார். மேட்டு மண் கரைந்து பள்ளத்தில் சேரும் சரிவில், பள்ளத்துக்கு மட்டும் புது உரம் போட்டுவிட்டுக் கொழுந்து கூடியது உரத்தால் என்று சொல்ல முடியாது. எந்தத் துண்டுக்கு எந்த உரம் என்பதைக் குலுக்கிப் போட வேண்டும். அந்த நிறுவகத்தின் தாழ்நாட்டு நிலையம் இன்று இரத்தினபுரி சென் ஜோக்கிம் தோட்டத்தில்தான் இருக்கிறது.

நிதி திரட்டும் பக்கத்துக்கும் இதே விதி. 2016 மே மாதம் அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மண் சரிந்ததுபோல ஒரு துயரம் நடந்த வாரத்தில் பழைய படத்தையும், ஊர் மறந்த அடுத்த மாதத்தில் புதிய படத்தையும் போட்டு ஒப்பிட்டால், அளப்பது படத்தை அல்ல, செய்தியின் சூட்டை. இரண்டு படங்களும் ஒரே நாட்களில், வருபவருக்குக் குலுக்கல் முறையில் தெரிய வேண்டும். ஒபாமாவின் 2008 தேர்தல் பிரசாரக் குழு இப்படித்தான் 24 வகை முகப்புகளை மூன்று லட்சம் பேருக்கு மேல் காட்டிப் பார்த்தது. பதிவு செய்வோர் 8.26 சதவீதத்திலிருந்து 11.6 சதவீதமாக உயர்ந்தனர்.

நமக்கு மூன்று லட்சம் பேர் வரப்போவதில்லை. 2 சதவீதத்துக்கும் 3 சதவீதத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நம்பிக்கையோடு பிரித்தறியவே ஒவ்வொரு பக்கத்துக்கும் ஏறக்குறைய 3,800 பேர் வேண்டும். ஆகவே சில நூறு பேர் வரும் தோட்டத்து முயற்சியில் பொத்தானின் நிறத்தை மாற்றி மாற்றிப் பார்ப்பது வீண். வந்தவர்கள் எந்த இடத்தில் திரும்பிப் போகிறார்கள் என்று பாருங்கள். படம் கனமாகி மலைப் பகுதி சிக்னலில் பக்கமே திறக்காமல் போகலாம்; வங்கிக் கணக்கு எண் அடியில் ஒளிந்திருக்கலாம்; கொடுக்க மனமுள்ள ஒருவருக்குப் புரியாத ஆங்கிலத்தில் படிவம் இருக்கலாம். இவற்றைச் சரிசெய்யப் புள்ளியியல் தேவையில்லை. தெரியாத ஒருவர் கையில் போனைக் கொடுத்து, 100 ரூபாய் அனுப்பச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாலே போதும்.