பல் வேருக்குள் வைக்கும் பசை

பல்லின் வேரிலுள்ள நுண்ணிய குழலைச் சுத்தம் செய்து அடைத்துவிடும் சிகிச்சைக்கு 'ரூட் கானல்' என்ற பெயர் நம் வீடுகளில் நன்றாய்ப் பழகிவிட்டது. வைத்தியர் என்ன செய்தார் என்று கேட்டால், "நரம்பை எடுத்துவிட்டு ஸிமெண்டு வைத்து மூடினார்" என்பார்கள். அந்த ஸிமெண்டு எத்தகைய வஸ்து, உள்ளே போய் என்ன செய்கிறது என்று விசாரிப்பவர் அரியர்.

குழலைப் பெரும்பாலும் நிரப்புவது கட்டா பெர்ச்சா. இது மலாய் நாட்டு மரமொன்றின் உறைந்த பால். 19-ம் நூற்றாண்டில் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாயிருந்ததும் இதுவே. பரம சாது, ஆனால் குழலின் சுவரோடு தானாக ஒட்டாது. இடுக்குகளை அடைக்க ஒரு பசை வேண்டியிருக்கிறது. சங்கடமெல்லாம் அந்தப் பசையினால்தான்.

பல்லினுள்ளே உயிர் போனாலும், வேரைச் சுற்றி எல்லாம் உயிருள்ளவை. பல்லைத் தாடையோடு பிணைக்கும் நார்கள், அவற்றை உண்டாக்கும் உயிரணுக்கள், எலும்பைக் கட்டும் உயிரணுக்கள், கீழ்த்தாடையில் உதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பு ஆகிய இவையே வேர் நுனியின் அண்டை வீட்டார். நுனித் துவாரத்தின் வழியே பசை இவர்களைத் தொடுகிறது. சில சமயம் சிறிது வெளியே பிதுங்கியும் விடுகிறது.

கிருமியைக் கொல்லும் பசையே சிறந்த பசை என்று வெகுகாலம் பலர் எண்ணினார்கள். ஸ்விட்ஸர்லாந்தில் ஸார்கெண்டி என்பவர் 1950-களில் பிரபலப்படுத்திய 'என்-2' என்ற பசையில் பாராபார்மால்டிஹைடு கலந்திருந்தது. வைத்தியக் கல்லூரிகளில் பிணங்களைக் கெடாமல் வைக்கும் பார்மலினுக்கு இது நெருங்கிய உறவு. கிருமி எது, நம் உயிரணு எது என்று பார்மால்டிஹைடு பேதம் பார்ப்பதில்லை. பசை நரம்பருகே கசிந்ததனால் உதட்டில் உணர்ச்சியே இழந்தவர்கள் உண்டு. சிலருக்கு அது திரும்பவேயில்லை.

நம் பாட்டிமார் பஞ்சில் தோய்த்து வைக்கும் கிராம்புத் தைலத்தின் சத்தைத் துத்தநாகப் பொடியோடு குழைத்தும் ஒரு பசை செய்கிறார்கள். சிறிதளவில் அது வலியைத் தணிக்கும். செறிவு மிகுந்தால் உயிரணுக்களை மாய்க்கும். பிசின் வகைப் பசைகளோ குழைத்த புதிதில் கடுமையாயிருந்து, இறுகிய பின் பெரும்பாலும் சாந்தமடைகின்றன.

இதையெல்லாம் எப்படி அறிகிறார்கள்? பசை ஊறிய திரவத்தைக் கண்ணாடித் தட்டில் வளரும் உயிரணுக்கள்மேல் விட்டு, பிறகு ஒரு மஞ்சள் சாயம் சேர்க்கிறார்கள். உயிரோடிருக்கும் அணுக்கள் அதை ஊதாவாக்கும், மாண்டவை ஆக்கா. 1983-ல் வெளியான இம்முறை எவ்வளவு எளிது, எவ்வளவு அழகு! ஆயினும், தட்டில் ரத்த ஓட்டமில்லை. தேகத்திலோ விஷத்தை அலசிச் செல்ல ரத்தம் இருக்கிறது. ஆகவே தட்டில் கண்டதை அப்படியே வாய்க்குப் பொருத்திவிடுவது சரியன்று.

கலிபோர்னியாவில் லோமா லிண்டா சர்வகலாசாலையின் டொராபினெஜாட் என்ற அறிஞர் குழுவினர் 1993-ல் வெளியிட்ட 'எம்.டி.ஏ.' என்ற மருந்து வேறு வழியில் சென்றது. அதன் பிரதான அம்சம், வீடு கட்டும் போர்ட்லண்டு ஸிமெண்டேதான்! ஈரத்தில் இறுகும்போது சுண்ணாம்புக் காரத்தை வெளியிடுகிறது. முதலில் அக்காரம் தொட்ட அணுக்களைச் சுடும். பிற்பாடு உயிரணுக்கள் அதன்மேலேயே படிந்து, வேரின் புறப்பூச்சைப் போன்ற புதுப் படலத்தை அமைக்கின்றன. விரோதியை வெளியேற்றுவதற்குப் பதிலாக விருந்தாளியை ஏற்றுக்கொள்வது போல!

இதே கால்ஷியம் ஸிலிகேட்டிலிருந்து இப்பொழுது வேர்க் குழலுக்குரிய மெல்லிய பசைகளும் வந்திருக்கின்றன. அவற்றுக்கும் ஒரு குறையுண்டு. நன்றாய் இறுகிய பின், மறுபடி சிகிச்சை செய்ய நேர்ந்தால், அவற்றை முழுவதும் சுரண்டி எடுப்பது வைத்தியருக்குப் பெரும்பாடு.