வானிலிருந்து பார்த்தால் ஆழ்கடல் மீன் தெரியுமா?

வடக்கிலும் கிழக்கிலும் கடற்றொழில் செய்பவர்களோடு பேசும்போது ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வரும். "தம்பி, மேல சுத்துற செய்மதி மீன் நிக்கிற இடத்தைக் காட்டுமாம், உண்மையோ?" தெற்கிலிருந்து கிழக்குக் கடலுக்கு வந்து சூரையோடு திரும்பும் பலநாள் கலங்களைப் பார்த்தவர்களின் கேள்வி அது. அவர்களிடம் ஏதோ கருவி இருக்கிறது, எங்களிடம் இல்லை என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. எண்ணத்தில் பாதி சரி. அப்படி ஒரு கருவி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது யாருடைய தனிச்சொத்தும் அல்ல. அது மீனைக் காட்டுவதும் இல்லை.

பூமிக்கு மேலே 700 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் ஒன்றுக்கு நீருக்குள் நிற்கும் மீன் எப்படித் தெரியும்? அதற்குத் தெரிவது கடலின் மேற்பரப்பு மட்டும். அந்த மேற்பரப்பில் அது மூன்றை அளக்கிறது: நீரின் நிறம், நீரின் சூடு, நீரின் உயரம். மீன் எங்கே நிற்கக்கூடும் என்பது இந்த மூன்றையும் வைத்து ஊகிக்கப்படுகிறது.

நிறத்திலிருந்து தொடங்கலாம். கடலில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய பாசிகள் கோடிக்கணக்கில் மிதக்கின்றன. அவற்றில் உள்ள பச்சையம் சூரிய ஒளியின் நீலத்தை உறிஞ்சிக்கொள்வதால், அவை பெருகிய இடத்தில் நீர் பச்சை பாரிக்கும். 1978 இல் ஏவப்பட்ட நிம்பஸ்-7 செய்மதியில் இருந்த கருவிதான் கடலின் நிறத்தை இப்படி அளக்கவென்றே முதன்முதலில் வானுக்குப் போனது. பாசியை மிகச்சிறிய விலங்குகள் தின்னும், அவற்றைச் சூடையும் நெத்தலியும் தின்னும், அவற்றைத் தேடிப் பெரிய மீன் வரும். பச்சை நிறம் தெரிந்த அன்றைக்கே சூரை வந்துவிடாது. இந்தச் சங்கிலி நகர நாட்களும் வாரங்களும் எடுக்கும்.

இன்னொன்றும் உண்டு. சூரை கண்ணால் பார்த்து வேட்டையாடும் மீன். கலங்கிய பச்சை நீருக்குள் அது அதிகம் நுழைவதில்லை. பச்சை முடிந்து தெளிந்த நீலம் தொடங்கும் எல்லையில், நீலப் பக்கத்தில் நின்று இரை பிடிக்கும். ஆகவே படத்தில் தேட வேண்டியது நல்ல பச்சையான இடத்தை அல்ல, அதன் விளிம்பை. நீர் நிறம் மாறும் கோட்டைப் பார்த்து, அதற்கு மேலே பறவை சுற்றுகிறதா என்று பார்த்து வலை விட்ட எங்கள் முதியவர்களுக்கு இது புதிதல்ல. அவர்கள் படகில் நின்றபடி ஓரிரு கடல் மைல்கள் கண்டார்கள். செய்மதி ஒரே நாளில் முழு வங்காள விரிகுடாவையும் காண்கிறது.

சூட்டை அளப்பது அகச்சிவப்புக் கதிர்களால். குளிர்ந்த கடல்களில் ஒரு பக்கம் 15 பாகை, மறுபக்கம் 19 பாகை என்று எல்லைகள் தெளிவாக விழும். அங்கே சூட்டுப் படம் ஒன்றே பாதி வேலையைச் செய்துவிடும். எங்கள் கடல் வெப்பக் கடல். நாரா என்று நாம் அழைக்கும் தேசிய நீரியல் வள ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள், தூண்டில் கலங்களின் பிடிப்பைச் செய்மதித் தரவோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, மஞ்சள் துடுப்புச் சூரை பெரும்பாலும் 28 முதல் 30 பாகை செல்சியஸ் வரையான நீரில் பிடிபட்டிருந்தது. இலங்கையைச் சுற்றியுள்ள கடலின் பெரும்பகுதி ஆண்டின் பெரும்பகுதி அந்தச் சூட்டில்தான் இருக்கிறது. சூட்டை மட்டும் நம்பிப் புறப்பட்டால் எங்கும் போகலாம் என்றுதான் ஆகும்.

எங்கள் கடலுக்கு அதிகம் உதவுவது மூன்றாவது அளவு என்பது என் கருத்து. கடல் மட்டமான தட்டு அல்ல. அதில் மேடும் பள்ளமும் உண்டு. 1992 இல் அமெரிக்காவும் பிரான்சும் சேர்ந்து ஏவிய டோபெக்ஸ்-பொசைடன் செய்மதி, ராடார் அலையைக் கீழே அனுப்பி அது திரும்பிவரும் நேரத்தைக் கொண்டு கடல்மட்டத்தைச் சில சென்ரிமீற்றர் துல்லியத்தில் அளந்தது. அதன் வழிவந்த செய்மதிகள் இன்றும் அளக்கின்றன. பூமத்திய ரேகைக்கு வடக்கே, கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுழலும் பெருஞ்சுழி ஒன்றின் நடுவில் நீர் வெளிப்பக்கமாகத் தள்ளப்படும். நடுவில் கடல் தாழும். தாழ்ந்த அந்த இடத்தில் கீழேயுள்ள குளிர்ந்த, உரமான நீர் மேலெழும். பாசி வளரும். மிச்சக் கதை மேலே சொன்னதுதான். முகில் மறைத்தாலும் ராடார் பார்க்கும் என்பது இதன் இன்னொரு நன்மை. சூட்டையும் நிறத்தையும் பார்க்கும் கருவிகளுக்கு முகில் என்றால் குருடு. வாடைக்காற்றோடு மழை முகில் மூடும் மாதங்களில் எங்கள் பக்கத்துக் கடல் அந்தப் படங்களில் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும்.

இப்படியொரு பெருஞ்சுழி எங்கள் வாசலிலேயே உருவாகிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், மட்டக்களப்பு, அம்பாறைக் கரைகளுக்குக் கிழக்கே ஆழ்கடலில் எதிர்த்திசைச் சுழற்சி ஒன்று ஆண்டுதோறும் தோன்றி, காற்று ஓயும்போது கரைகிறது. விநயச்சந்திரன், யமகாட்டா என்ற இரு ஆய்வாளர்கள் 1998 இல் இதை விளக்கி எழுதினார்கள். கடலியல் நூல்களில் இதற்கு இலங்கைக் குவிமாடம் என்று பெயர். கீழுள்ள குளிர்நீர் குவிமாடம் போல மேலே தள்ளி நிற்பதால் அந்தப் பெயர். சோழகம் வீசும் அந்த மாதங்கள்தான் கிழக்குக் கரையில் கடல் அமைதியாக இருக்கும் தொழிற்காலம். அதாவது கடல் விருந்து வைக்கும் காலமும் கிழக்கில் தொழிலுக்குப் போகக்கூடிய காலமும் ஒன்றாகவே வருகின்றன. ஆனால் அந்த இடம் வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய சிறு படகு விடியப் போய்ப் பொழுதுபடத் திரும்பும் தூரத்தில் இல்லை. ஐஸ் அறையும் உள்ளிணைப்பு இயந்திரமும் உள்ள பலநாள் கலம் வேண்டும். அத்தகைய கலங்களில் மிகச் சிலவே வடக்குத் தொழிலாளர் கையில் உள்ளன.

ஏன் இல்லை என்பதை இந்த வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தடை செய்யப்பட்ட கடல், பாஸ், இயந்திரக் குதிரைவலுக் கட்டுப்பாடு, உயர்பாதுகாப்பு வலயம், இடப்பெயர்வு. தெற்கில் கலங்கள் பெருத்து ஆழ்கடலுக்குப் போன அதே ஆண்டுகளில் இங்கே கரைவலை இழுக்கவும் நேரம் குறித்துத் தந்தார்கள்.

அந்த ஆண்டுகள் இன்னொரு இழப்பையும் வைத்துவிட்டுப் போயிருக்கின்றன. செய்மதிப் படத்தை மீன்பிடி முன்னறிவிப்பாக மாற்றுவது எப்படி? பழைய பிடிப்புப் பதிவுகளை எடுப்பார்கள்: எந்த நாள், எந்த இடம், எந்த மீன், எத்தனை கிலோ. அதே நாளில் அதே இடத்தில் நீரின் சூடும் நிறமும் உயரமும் எப்படி இருந்தன என்று பொருத்திப் பார்ப்பார்கள். ஆயிரக்கணக்கான பொருத்தங்களிலிருந்து ஒரு விதி கிடைக்கும். நாராவும் இந்த வழியில்தான் சூரைக்கான முன்னறிவிப்புகளைச் செய்கிறது. தொழில் முடங்கிய கடலில் பதிவு எங்கிருந்து வரும்? முல்லைத்தீவுக்கு நேரே உள்ள கடலில் எந்தச் சோழகத்தில் எந்த மீன் எங்கே நின்றது என்பது சிலருடைய ஞாபகத்தில் இருக்கலாம். அவர்களில் பலர் இன்று இல்லை. வேறு கடலில் கற்ற விதியை எங்கள் கடலுக்குப் பொருத்திப் பார்க்கும்போது அது பிசகினால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

பாக்கு நீரிணையைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் அதைத்தான் கேட்பார்கள். அங்கே இந்தப் படங்கள் பெரிதாக உதவாது. பெரும்பாலும் 15 மீற்றருக்கு உட்பட்ட ஆழம், கலங்கிய நீர், அடித்தள மண்ணிலும் கடற்புல்லிலும் பட்டுத் திரும்பும் ஒளி. செய்மதி மண்ணையும் புல்லையும் பாசியென்று எடுத்துக்கொள்ளும். கரைக்கு அருகில் உயரமானிகளும் தடுமாறும். அந்தக் கடலின் சிக்கல் வேறு. அடிமடியை வாரும் இழுவைப்படகு போன பிறகு எந்தப் படத்தைப் பார்த்து என்ன? கிழக்கில் நிலைமை மாறுகிறது. திருகோணமலையில் கொட்டியாரக் குடாவிலிருந்தே கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்கிவிடுகிறது; ஆழ்கடல் கரைக்கு மிகக் கிட்ட. சிறு படகுக்காரருக்கும் செய்மதிப் படம் பயன்படக்கூடிய இடம் அதுபோன்ற கரைகள்தான்.

எதிர்க்கரையில் இது நெடுநாளாக நடக்கிறது. ஹைதராபாத்தில் 1999 இல் தொடங்கிய இன்கொயிஸ் என்ற இந்திய நிறுவனம் மீன் கூடக்கூடிய பகுதிகளைக் கணித்து, கரையிலிருந்து எந்தத் திசையில் எத்தனை தூரம் என்று பிராந்திய மொழிகளில் அறிவிக்கிறது. தமிழிலும் வருகிறது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அதைக் கைபேசிச் செயலிக்குள் கொண்டுவந்தது. ஆழ்கடலைப் பற்றிய விஞ்ஞானத்தைப் படகோட்டிக்குப் புரியும் தமிழில் சொல்ல முடியும் என்பதற்கு அது போதிய சான்று. நாசாவின் படங்களும் ஐரோப்பாவின் கொப்பர்னிக்கஸ் தரவும் எவருக்கும் இலவசம். அவற்றைத் திறந்து பார்க்க எந்த முகாமிலும் அனுமதி கேட்கத் தேவையில்லை.

எல்லோரும் சூரையைத் தேடிப் போனால் என்ன ஆகும் என்ற கேள்வியை நான் தட்டிக்கழிக்க விரும்பவில்லை. இந்து சமுத்திரச் சூரை ஆணைக்குழுவின் 2015 மதிப்பீடு, மஞ்சள் துடுப்புச் சூரை அளவுக்கு மிஞ்சிப் பிடிக்கப்படுகிறது என்றது. அடுத்த ஆண்டு பிடிப்பைக் குறைக்கும் தீர்மானம் வந்தது. மீனைக் கண்டுபிடிப்பது இலகுவாகும்போது மீன் தப்புவது கடினமாகும். ஆனால் முப்பது ஆண்டு கடலுக்கு வெளியே நின்றவர்களிடம், மீன் குறைந்துவிட்டது, நீங்கள் வராதீர்கள் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது. குறைக்க வேண்டுமென்றால் அதிகம் பிடித்தவர்களிடமிருந்து தொடங்கட்டும்.

சிறு படகுகளுக்கு இன்றைக்குள்ள நேரடிப் பயன் எண்ணெய்தான். வெளியிணைப்பு இயந்திரங்கள் மண்ணெண்ணெயில் ஓடுகின்றன. 2022 ஓகஸ்டில் ஒரு லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாய் ஆனது. தேடி அலையும் ஒவ்வொரு மணித்தியாலமும் கையிலிருந்து போகும் காசு. போகக்கூடாத திசை எது என்று படம் சொன்னாலே அது இலாபம்.

ஒரு கொப்பி வாங்கி எழுதத் தொடங்குங்கள் என்று நான் சங்கங்களில் சொல்லி வருகிறேன். நாள், நேரம், ஜீ.பி.எஸ். காட்டும் இடம், வலையா தூண்டிலா, என்ன மீன், எத்தனை கிலோ, நீரின் நிறம். ஒன்றும் படாத நாளையும் எழுதவேண்டும். கணக்குப் போடுபவருக்கு வெறும் வலையும் ஒரு தகவல். இடத்தை எழுதிக் கொடுத்தால் அது யார் கைக்குப் போகும் என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கொப்பி சங்கத்திடமே இருக்கட்டும், ஆய்வாளருக்குத் தேவையானதைச் சங்கம் தெரிந்து கொடுக்கட்டும்.

படத்திலிருந்து இடத்தைக் குறிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். இணையப் படங்கள் அகலக்கோட்டைத் தசமத்தில் தரும். 8.50 என்றால் எட்டரைப் பாகை, அதாவது 8 பாகை 30 மினிட். படகில் உள்ள ஜீ.பி.எஸ். பெரும்பாலும் பாகையும் மினிட்டுமாகக் காட்டும். 8.50 ஐ 8 பாகை 50 மினிட் என்று அடித்தால் 20 மினிட் பிசகும். அகலக்கோட்டில் ஒரு மினிட் ஒரு கடல் மைல். 20 கடல் மைல் என்பது 37 கிலோமீற்றர். போகவர 74 கிலோமீற்றருக்கான மண்ணெண்ணெய்.